ஒன்பதாம் எண் ட்ராமும் என் அண்ணியும்

நாத்தனார் வாயால் அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் வெளியே போகும்போது குடை எடுத்துக்கொண்டு போ என்பார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க என் அண்ணியைப் பற்றித்தான்.

அண்ணியின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் கடை. ஃபேன், தண்ணீர் பம்பு, மிக்ஸி, மாவு மில் மோட்டார் என்று எது கருகினாலும் அங்கேதான் வரும். உள்ளே நுழைந்தாலே வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறும். புதிதாக வருகிறவர்கள் அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதலாளி இல்லையா?" என்று கேட்பார்கள். "உக்காருங்க, இப்ப வந்துடுவாங்க" என்று அண்ணி கைவேலையை விடாமல் சொல்வார். கையிலிருக்கும் காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, சுற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்து உட்கார்ந்து, "வந்துட்டேன். சொல்லுங்க" என்பார்.

அந்தக் கடைக்கு அவர் வந்து சேர்ந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுத் தண்ணீர் பம்பு எரிந்துபோயிற்று. அண்ணன் பேருந்து ஓட்டுநர். அன்றைக்கு வெளியூர் பணி. அண்ணியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கடைக்காரருக்கு விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் மாதிரி. ஃபேனின் குறுகலான பள்ளத்துக்குள் மெல்லிய கம்பியைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அண்ணி அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க, நான் பாக்கறேன்" என்றார்.

சாயங்காலத்துக்குள் எங்கள் பம்பும் தயார், அந்த ஃபேனும் தயார், அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஃபேனும் தயார். மறுநாள் காலையில் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அண்ணியை வேலைக்கு அனுப்ப முடியுமா என்று அண்ணனிடம் கேட்டார்.

"என்னை ஏங்க கேக்கறீங்க? கை அவளோடது" என்றான் அண்ணன்.

எனக்கு மட்டும் மகிழ்ச்சியில்லை. பாத்திரம் தேய்க்கும் வேலை இனி என் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். விழுந்தது. பத்து வருடம் கழித்து அந்தக் கடைக்காரர் மகளோடு வேறு ஊருக்குப் போனபோது கடையை அண்ணியே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மோட்டாரையும் அவிழ்ப்பதற்கு முன்னால் வரைந்துவிடுவார். எந்தக் கம்பி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் வளைவு, எல்லாம் கோடு போடாத நோட்டில் ஏறிவிடும். "அவுக்கறது யார் வேணாலும் அவுக்கலாம். திரும்பக் கட்டணும்னா அது எப்படி இருந்துச்சுன்னு தெரிய வேணாமா?" என்பார். அப்படி முப்பது நோட்டுக்கு மேல் சேர்ந்திருந்தன.

இனி ட்ராமுக்கு வருகிறேன்.

படித்து முடித்து எனக்கு அண்ணன் வேலை பார்த்த டிப்போவிலேயே குமாஸ்தா வேலை கிடைத்தது. டிப்போவின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய டயர் குவியலுக்கு நடுவில், தூசி மூடிய ஒரு ட்ராம் வண்டி நின்றது. நெற்றியில் ஒன்பது என்ற எண் பாதி அழிந்திருக்கும். அதன் இருக்கைகளில் பூனைகள் குட்டி போடும். எங்களுக்கு அது டயர் வைக்கிற இடம், அவ்வளவுதான்.

அதன் அருமையை எங்களுக்குச் சொன்னவர் தண்டவாளம் சார். ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். நிலத்தைப் பார்த்தபடியேதான் தெருவில் நடப்பார். எங்காவது தார் பெயர்ந்து பழைய ட்ராம் தண்டவாளம் பளிச்சென்று தெரிந்தால் அங்கேயே குந்தி உட்கார்ந்து, அளந்து, குறித்துக்கொள்வார். பின்னால் வரும் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவருக்கே அது பிடித்துப்போயிற்று.

அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊரில் வீட்டு விளக்குக்கே மின்சாரம் வராத காலத்தில் ட்ராமுக்கு வந்துவிட்டதாம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை, பின்னே எது இழுக்கிறது என்று ஊரே மிரண்டிருக்கிறது. மேலே போகும் கம்பிக்கு அடியில் நின்றால் ரத்தம் சுண்டிப்போகும் என்று பேச்சு. குடைக் கம்பி மின்சாரத்தை இழுத்துவிடும் என்று பயந்து, கொட்டுகிற மழையில் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நனைந்தபடி தெருவைக் கடந்தவர்கள் உண்டாம். முதல் நாள் இலவசம் என்று அறிவித்தும் ஒருவரும் ஏறவில்லை. மதியம் வரை வண்டி காலியாகவே போய்க் காலியாகவே வந்தது.

அப்போது ஒரு மருத்துவச்சி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினாராம். ஓட்டுநரே திகைத்துப்போய், "அம்மா, பயமில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

"அங்க குழந்தையோட தலை தெரிஞ்சிடுச்சாம். பயமெல்லாம் திரும்பி வரும்போது பட்டுக்கறேன், நீ வண்டியை விடு" என்றாராம் அந்த அம்மாள்.

குழந்தையும் நலம், தாயும் நலம், மருத்துவச்சியும் ரத்தம் சுண்டாமல் இறங்கினார். மறுநாள் ட்ராமில் நிற்க இடமில்லை.

நாற்பத்தெட்டு வருடம் ஓடியது. பிறகு பேருந்து வந்தது. தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றினார்கள். வண்டிகளை விற்றார்கள். ஒன்று செருப்புக் கடையானது. ஒன்று யார் தோட்டத்திலோ பம்பு அறையானது. நின்றுபோன மற்ற வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக டிப்போவுக்கு இழுத்து வந்து சேர்த்தது ஒன்பதாம் எண்தான். அதை இழுத்துப் போக வேறு வண்டி இல்லை. அதனால் அது மட்டும் தப்பியது. பிழைத்த கதை இவ்வளவு எளிது.

அந்தக் கொட்டகையை இடித்து, பேருந்து கழுவுமிடம் கட்டுவதாக உத்தரவு வந்தது. தண்டவாளம் சார் நான்கு மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் எங்கள் டிப்போ மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார்.

"சார், ஒரு வருஷம் தர்றேன். இந்த முற்றத்துல தாருக்கு அடியில முந்நூறு மீட்டர் தண்டவாளம் இருக்குன்னு நீங்கதான் சொல்றீங்க. அதுல அது தானா ஓடணும். யாரும் தள்ளக் கூடாது. ஓடினா இங்கயே இடம். ஓடலேன்னா பழைய இரும்புக்கு."

சார் ஆட்களைத் திரட்டினார். தச்சர் வந்தார், வர்ணம் அடிப்பவர் வந்தார், பித்தளை வார்ப்பவர் வந்தார். தாரைக் கொத்தித் தண்டவாளத்தை வெளியே எடுத்தார்கள். ஆனால் வண்டிக்கு அடியில் தொங்கிய இரண்டு மோட்டார்களைப் பார்த்து எல்லோரும் பின்வாங்கினார்கள். சேறும் எலிக்கூடுமாக அடைத்துக் கிடந்தன. நான்தான் சாரிடம் அண்ணியைப் பற்றிச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்தார். டார்ச்சையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஆலோசனை சொல்ல வந்திருந்த மின்சார இன்ஜினீயர் அந்தப் பாதங்களைப் பார்த்தபடியே சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இதோட காலம் முடிஞ்சுபோச்சு சார். உள்ள பேட்டரி வெச்சு, புது மோட்டார் ஒண்ணு மாட்டிடலாம். வெளியில பாக்கறவங்களுக்கு எதுவும் தெரியாது. ஓடும், அவ்வளவுதானே வேணும்?"

சார் அரை மனதோடு தலையாட்டப் போனார். அண்ணி வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

"சிங்கத்தோட பல்லையெல்லாம் பிடுங்கிட்டு கட்டுப்பல் மாட்டி, இதுதான் சிங்கம்னு காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

இன்ஜினீயருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது ஃபேன் இல்லம்மா. ஐந்நூறு வோல்ட் மோட்டார். நூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. வரைபடம் கூட இல்ல."

"வரைபடம் உள்ளதான் இருக்கு. அவுக்கும்போது பாத்து வரைஞ்சுக்கறேன்" என்றார் அண்ணி. "இரும்பு கெடல. செம்பு கெடல. சுத்தின துணிதான் மக்கிப்போச்சு. ஆளுக்குச் சட்டை கிழிஞ்சா சட்டையை மாத்துவோமா, ஆளை மாத்துவோமா?"

அண்ணன் ஓரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "சார், வீட்டுல தினமும் எனக்கு இதுதான். நீங்க ஒரு நாள்லயே தோத்துட்டீங்க" என்றான்.

கடைக்குள் அந்த மோட்டார் நுழையாது. நுழைந்தால் அண்ணி வெளியே நிற்க வேண்டியதுதான். டிப்போவிலேயே ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். காலையில் கடை, மதியத்துக்கு மேல் டிப்போ என்று ஐந்து மாதம் ஓடியது. மோட்டாரின் உள்ளே சுழலும் உருளையை வெளியே எடுக்கச் சங்கிலி கட்டித் தூக்க வேண்டியிருந்தது. அதைச் சுற்றி இருபத்தொன்பது பள்ளங்கள். நுனியில் எண்பத்தேழு செம்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் எந்தக் காயிலோடு சேர்கிறது என்று பார்த்து, எண் போட்டு, வரைந்து, அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுத்தார். நான் மதிய இடைவேளையில் போய் நிற்பேன். "நாப்பத்திமூணு எங்க போகுது, சொல்லு" என்பார். விரல் வைத்துப் பார்த்துச் சொல்வேன். தப்பாகச் சொன்னால், "உனக்குப் பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு" என்பார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாத்திரக் கதையை அவர் மறக்கவில்லை.

மூன்றாவது வாரம் என்னை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். ஓடிப்போனேன். கையில் ஒரு பழைய காயில். செம்பின் மேல் நாடாத் துணி சுற்றி, அதன் நுனியை ஊசி நூலால் தைத்திருந்தது.

"இந்தத் தையலைப் பாரு."

பார்த்தேன். மிகச் சின்னத் தையல். கடுகு கடுகாக, ஒரே அளவில். கருகிய பிறகும் ஒன்றுகூடப் பிரியவில்லை.

"எல்லாக் காயில்லயும் இப்படித்தான் இருக்கு. ஆனா ஒரே கை இல்ல. நாலஞ்சு பேர் தைச்சிருக்காங்க. ஒருத்தர் முடிச்சு இடது பக்கம் போடறாங்க. இன்னொருத்தர் ரெண்டு முடிச்சு போடறாங்க. இதெல்லாம் பொம்பளைங்க கைன்னு எனக்குத் தோணுது."

"ஆம்பளைங்க தைக்க மாட்டாங்களா அண்ணி?"

"தைப்பாங்க. ஆனாலும் எனக்குத் தோணுது. சாரைக் கேளு."

சார் மறுநாள் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார். ட்ராம் கம்பெனியின் பட்டறை. நடுவில் மீசை வைத்த ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒவ்வொருவர் பெயரும் பதவியும் எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பெண்கள். ஒருத்தியின் கையில் நாடாச் சுருள். அவர்களுக்குக் கீழே ஒரே சொல்: 'உதவியாளர்கள்'.

"இருபது வருஷமா இந்தப் படத்தை வெச்சிருக்கேன்மா" என்றார் சார் மெதுவாக. "இவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல."

அண்ணி படத்தை நீட்டிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அந்தப் பெண்களின் விரல்களைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து புதுக் காயில்களில் இயந்திரத்தால் ஒட்டும் நாடா வேண்டாம் என்றார். ஊசி எடுத்துக் கையால்தான் தைத்தார். "அவங்க தைச்ச அளவுக்காவது தைக்கணும்" என்றார். பிடிக்காத தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். எனக்கும் ஒரு ஊசி கிடைத்தது. நான் தைத்ததில் பாதி பிரிக்கப்பட்டது.

இரண்டு மோட்டார்களும் முடிந்தன. வார்னிஷில் முக்கி, சூடு காட்டி, உலர்த்தி, தரையில் வைத்துத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் சத்தமில்லாமல் சுழன்றன. அவற்றை வண்டிக்கு அடியில் மாட்டினார்கள். டிப்போ வயர்மேன் வண்டியின் பழைய வயர்களை எடுத்துவிட்டு முழுக்கப் புது வயர் இழுத்துக் கொடுத்தார். மேலே கம்பி கட்டியாயிற்று. கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது சோதனை ஓட்டம்.

ஓட்டுவது அண்ணன் என்று மேலாளர் முடிவு செய்தார். அண்ணன் முன்னால் போய் நின்றான். பித்தளைக் கைப்பிடி ஒன்று, பிரேக் சுற்றும் சக்கரம் ஒன்று, காலால் மிதிக்கும் மணி ஒன்று.

"ஸ்டீயரிங் எங்க?" என்றான்.

"தண்டவாளம் எதுக்கு இருக்குன்னு நினைச்சே?" என்றேன் நான்.

கைப்பிடியை முதல் படிக்குத் திருப்பினான். வண்டி உறுமியது. நடுங்கியது. நகரவில்லை. இரண்டாம் படிக்குத் திருப்பினான். உறுமல் அதிகமானது, படாரென்று மின்சாரம் துண்டித்துக்கொண்டது. மறுபடி முயன்றோம். மறுபடியும் அதேதான்.

இன்ஜினீயர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குரலில் கேலி இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. "ஒரு மோட்டாரோட சுத்து தப்பா இருக்கும்மா. பரவாயில்ல, யாரா இருந்தாலும் தப்பு வரும். இன்னும் ஒன்பது நாள்ல மறுபடி சுத்த முடியாது. பேட்டரிக்கு ஏற்பாடு செய்யட்டுமா?"

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அண்ணி தன் பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. மீண்டும் இரண்டு பாதங்கள் மட்டும்.

பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "வயர்மேன் அண்ணே, ரெண்டாவது மோட்டாருக்கு வர்ற வயர் ரெண்டும் முன்னாடி குறுக்கா இருந்துச்சா, நேரா இருந்துச்சா?"

வயர்மேன் தலையைச் சொறிந்தார். "குறுக்காதான் இருந்துச்சும்மா. எவனோ தப்பாப் போட்டிருக்கான்னு நான்தான் நேரா மாத்திட்டேன்."

அண்ணி தவழ்ந்து வெளியே வந்து, நோட்டைப் பிரித்து இன்ஜினீயரின் முன்னால் வைத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை, எதையும் தொடுவதற்கு முன்னால் வரைந்த பக்கம். இரண்டாவது மோட்டாரின் வாயில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"அது தப்பில்ல சார். ரெண்டு மோட்டாரும் எதிரெதிரா முகம் பாத்துத் தொங்குது. எதிரெதிரா உக்காந்திருக்கிற ரெண்டு பேரையும் வலது பக்கம் தள்ளுங்கன்னு சொன்னா என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு திசையில தள்ளுவாங்க. ஒருத்தருக்கு மாத்திச் சொல்லணும். அதைத்தான் அந்தக் காலத்துல வயரைக் குறுக்கா போட்டுச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மோட்டாரும் நல்லாத்தான் தள்ளுது. ஒண்ணை ஒண்ணு தள்ளுது."

இன்ஜினீயர் நோட்டைக் கையில் எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். எண்பத்தேழு பட்டைகளும் எண்ணோடு வரைந்திருந்த பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இதை யாரு உங்களுக்குக் கத்துக் கொடுத்தாங்க?"

"எரிஞ்சுபோன ஃபேனுங்க" என்றார் அண்ணி.

வயரை மாற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் மறுபடி கைப்பிடியைப் பிடித்தான். இந்த முறை வேடிக்கை பேசவில்லை. முதல் படி. வண்டி மெல்லப் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். பிறகு அறுபது வருடம் அசையாமல் நின்ற சக்கரங்கள் உருண்டன. யாரும் தள்ளவில்லை. மேல் கம்பியில் ஒரு நீலப் பொறி பறந்தது. அண்ணன் மணியை மிதித்துக்கொண்டே இருந்தான். எதிரில் ஆளே இல்லை, ஆனாலும் மிதித்தான். பேருந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை நிறுத்தாமல் அப்படியே ஓடிவந்தார்கள். தண்டவாளம் சார் வண்டியோடு கூடவே முற்றத்தின் கடைசி வரை ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார்.

அண்ணி மட்டும் ஏறவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன்.

"விடு, விடு, கையெல்லாம் கிரீஸ்" என்றார். பிறகு, "ரெண்டாவது மோட்டார்ல கார்பன் கட்டை லேசா உரசுது. கேக்குதா?" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் காதில் என் இதயம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினீயர் வந்தார். "நான் சொன்னது தப்பும்மா" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். அவர்மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. அந்த நோட்டைப் படியெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அண்ணி கொடுத்தார், ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டளையோடு.

திறப்பு விழாவுக்கு முன்னால் வண்டியின் பக்கத்தில் வைக்கும் பலகையில் என்ன எழுதுவது என்று குழு கூடியது. மோட்டார்களுக்கு உயிர் கொடுத்தவர் என்று அண்ணியின் பெயரை எழுதி எடுத்து வந்தார் சார். அண்ணி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என் பேரை மட்டும் போட்டா அது பாதி உண்மைதான் சார். முதல்ல சுத்தினது அந்த அஞ்சு பேர். பேர் தெரியலேன்னா தெரியலேன்னே எழுதுங்க. ஆனா உதவியாளர்னு எழுதாதீங்க."

இப்போது அந்தப் பலகையில் அந்தப் பழைய புகைப்படத்தின் இடது ஓரம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 'இந்த வண்டியின் மோட்டார்களை முதலில் சுற்றித் தைத்தவர்கள். பெயர்கள் தெரியவில்லை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, இரண்டாம் முறை சுற்றியவர் என்று அண்ணியின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. முந்நூறு மீட்டர் போய், முந்நூறு மீட்டர் வருவதற்குப் பெரியவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள்.

போன கோடையில் ஒரு நாள் அண்ணியின் கடைக்கு எதிரில் பெரிய லாரி ஒன்று வந்து நின்று தெருவையே அடைத்தது. தார்ப்பாயை விலக்கினால் உள்ளே துருப்பிடித்த ட்ராம் மோட்டார். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் வேறொரு ஊரிலிருந்து வந்திருந்தது. எங்கள் இன்ஜினீயர்தான் விலாசம் கொடுத்து அனுப்பியிருந்தார். கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கி, தங்கள் ஊர் ட்ராமின் பெருமைகளை அண்ணியிடம் விளக்கத் தொடங்கினார்கள். அண்ணி முழுக்கக் கேட்டார்.

"செஞ்சு தர்றேன். டிப்போவுல இறக்கிடுங்க" என்றார். "ஆனா வரிசையில ஏழு ஃபேனும் ஒரு பம்பும் இருக்கு. வெயில் கொளுத்துது, ஜனங்க தூங்கணும். அது முடிஞ்சாத்தான் உங்களுது."